நாலாம் நம்பர் வெள்ளை வண்டி

டெலிபோன் அலறியது.

மெக்கானிக் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே ரிசீவரை எடுத்தான்.

"ஹலோ… வாடகைக் கார் ஆபீஸ்."

"ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன். உங்க வெள்ளை வண்டி ஒண்ணு கொண்டை ஊசி வளைவுல சுவரை இடிச்சுக்கிட்டுக் கீழே விழுந்து கிடக்கு."

"ஐயோ! ஓட்டினவங்க…?"

"உள்ளேயேதான் இருக்கார்."

"அப்பாடா!"

"என்ன அப்பாடா? உயிரோட இல்லைய்யா! இன்ஸ்பெக்டர் உன்னை உடனே வரச் சொன்னார்!"

தொடர்பு அறுந்தது.

மேஜைக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஸ்கேலை வைத்து ஒரு படிவத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அக்கா… நம்ம வண்டி ஒண்ணு பள்ளத்துல விழுந்துடுச்சாம். ஓட்டினவன் அவுட்டு!"

"அவுட்டு, கிவுட்டுன்னு பேசாதே. இறந்துட்டார்னு சொல்லு. எந்த வண்டி?"

"கேக்கலையே…"

"கேட்டிருக்கணும்."

அக்கா அப்படித்தான். கோடு முடியும்வரை ஸ்கேலை எடுக்க மாட்டாள்.

அவளிடம் ஆறு கார்கள் இருந்தன. ஆறும் ஒரே நாளில் வாங்கியவை, ஆறும் வெள்ளை, ஆறும் ஒரே மாடல். அந்தச் சின்னத் தீவில் காரைப் பூட்டுவோர் எவருமில்லை. சாவி வண்டியிலேயே தொங்கும். திருடி எங்கே கொண்டுபோவது? சுற்றிலும் கடல்!

அந்தத் துணிச்சலில் அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். விடியற்காலை ஐந்து மணிக்கு மெக்கானிக் விடுதிகளுக்குப் போவான். விருந்தாளிகள் தூங்கும்போதே மண் படிந்த வண்டியை எடுத்துக்கொண்டு, கழுவித் துடைத்த வேறொரு வண்டியை அதே இடத்தில் நிறுத்திவிட்டு வருவான். காலையில் எழுந்து பார்ப்பவர்கள், தங்கள் காரையே யாரோ கழுவி வைத்திருப்பதாக மகிழ்ந்துபோவார்கள். விடுமுறைக்கு வந்த இடத்தில் எவன் நம்பர் பிளேட்டைப் படிக்கிறான்?

சுவரில் அக்கா தன் கையால் எழுதி மாட்டிய பலகை தொங்கியது.

'வண்டியை எந்த நிலையில் பெற்றுக்கொண்டீர்களோ, அதே நிலையில் திருப்பித் தருக.'

மெக்கானிக் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினான்.

*

பள்ளத்தில் கார் மூக்கு நசுங்கிக் கிடந்தது.

ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்திருந்த மனிதரின் முகத்தில், ஒரு பக்கம் மட்டும் உடையாத கறுப்புக் கண்ணாடி. மெக்கானிக்குக் குப்பென்று வியர்த்தது. முந்தாநாள் ஆபீஸுக்குள் நின்றபோதுகூட அதைக் கழற்றாத ஆசாமி. அவன் அவருக்கு வைத்த பெயரே 'கூலிங்கிளாஸ்.'

"ஆளைத் தெரியுதா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியும் சார். கடற்கரை விடுதியில தங்கியிருக்கார். பெண்டாட்டியோட வந்தார்."

"வண்டியைத் தெரியுதா?"

நம்பர் பிளேட்டைப் பார்த்தான்.

நாலாம் நம்பர்!

"என்னப்பா முழிக்கிறே?"

"ஒண்ணுமில்லை சார்…"

"சாலையில ஒரு இடத்துலகூட டயர் தேய்ஞ்ச கோடு இல்லை. இறக்கத்துல நேரா வந்து, நேரா போயிருக்கார். அதுக்கு என்ன அர்த்தம்?"

"பிரேக்… பிடிக்கலை."

"கெட்டிக்காரன்! கடைசியா இதுக்கு பிரேக் வேலை பார்த்தது யாரு?"



"நான்தான் சார். போன வாரம்."

"கீழே இறங்கிப் பாரு. நீயே பார்த்து, நீயே சொல்லு. பின்னால போலீஸ் ஜோடிச்சதுன்னு சொல்லக் கூடாது."

இறங்கினான். இடது முன்சக்கரத்தருகே குனிந்தான். பிரேக் ஆயில் போகும் குழாய்… அதன் நட்டு!

இரண்டு சுற்று தளர்ந்திருந்தது.

சுற்றிலும் ஈரம்.

மறந்துவிட்டேனா? அன்று மதியம் யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போனேன்… திரும்பி வந்து இறுக்கினேனா, இல்லையா? பதினோரு வருடமாக நம்பிய கைகளை, முதன்முறையாக அந்நியருடையதைப்போல் பார்த்தான்.

பிறகுதான் அது கண்ணில் பட்டது.

"சார்! இது என் கை பட்டது இல்லை! நட்டோட முனையெல்லாம் கடிச்சுக் குதறின மாதிரி மழுங்கியிருக்கு. நான் ரிங் ஸ்பானர் போடுவேன், முனை கெடாது. எவனோ பிளேயரை வெச்சுத் திருகியிருக்கான்!"

"அடடே! நட்டு உன்கிட்டப் பேசிச்சா?"

"சத்தியமா சார்!"

"அதைக் கோர்ட்ல சொல்லு. நாலு மணிப் படகுல நீ என்கூட அக்கரைக்கு வர்றே. உன் அலட்சியத்தால ஒரு உயிர் போயிருக்கு. ரெண்டு வருஷம் உள்ளே… அப்புறம் எவனும் உன்கிட்ட சைக்கிளுக்குக்கூடக் காத்தடிக்க வர மாட்டான்!"

*

அக்கா எழுந்து நின்று இன்ஸ்பெக்டருக்கு நாற்காலியைக் காட்டினாள்.

"அவர் கைக்கு நாலாம் நம்பர் எப்படிப் போச்சு?" என்று கேட்டார் அவர். "விடியற்காலையில அதை ஷெட்டுக்குக் கொண்டுவந்துட்டேன்னு உங்க தம்பி சொல்றான்."

"உண்மைதான். அஞ்சு மணிக்கு நாலாம் நம்பரைக் கொண்டுவந்தான். அதே இடத்துல ஆறாம் நம்பரை விட்டுட்டு வந்தான். குளிக்க வீட்டுக்குப் போனான். ஏழே முக்காலுக்கு அந்த மனுஷர் மூச்சிரைக்க ஓடி வந்தார். 'என் மனைவி தனியா வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டா, ஓட்டிப் பழக்கமில்லாதவ, பயமா இருக்கு, தேடணும், இன்னொரு வண்டி கொடுங்க'ன்னார். கொடுத்தேன்."

"பிரேக் இல்லாத வண்டியை!"

அக்கா இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"ஆறாவது வரியைப் படிங்க."

இன்ஸ்பெக்டர் படித்தார்.

'பிரேக்கை மூன்று முறை மிதித்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.'

பக்கத்தில் ஒரு டிக். கீழே கையெழுத்து. தேதி. நேரம்.

"நிஜமாவே மிதிச்சுப் பார்த்தாரா?"

"ரெண்டு தடவை சொன்னேன். 'அதுக்கெல்லாம் நேரமில்லைம்மா'ன்னார். பத்து வரிக்கும் மடமடன்னு டிக் போட்டார். மிதிச்சதாகத்தான் கையெழுத்து இருக்கு."

"இந்தக் காகிதம் உங்களைக் காப்பாத்தும். நட்டைத் தளரவிட்ட உங்க தம்பியைக் காப்பாத்தாது!"

"அவன் தளரவிடலை."

"யார் சொன்னா?"

"நான்தான் சொல்றேன். அவன் எழுத்துல பிழை இருக்கும்; வேலையில இருக்காது."

மெக்கானிக் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். பதினோரு வருடத்தில் அவள் அவனைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதற்குக் கைவிலங்கு வர வேண்டியிருந்தது!

வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

ஆறாம் நம்பர்.

இறங்கியவள் கூலிங்கிளாஸின் மனைவி! காற்றில் கலைந்த தலை. காலெல்லாம் மணல். முகம் நிறையச் சிரிப்பு.

"அக்கா, டேங்க் நிரப்பிட்டேன்! நிரப்பாம விட்டா அவர் திட்டுவார். கலங்கரை விளக்கம் வரைக்கும் நானே ஓட்டினேன், தெரியுமா? ஊசி வளைவுலகூட நானே! திரும்பும்போது கடற்கரை வழியா வந்தேன். ஆமா… விடுதியில அவரைக் காணோமே. இங்கே வந்தாரா?"

இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

அவள் சிரிப்பு, விளக்கின் திரியை இறக்குவதுபோல் மெல்ல மெல்ல இறங்கியது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். சொன்னார்.

அவள் அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். சாவியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவர் ஏன் அந்தப் பக்கம் போனார்?"

"உங்களைத் தேடிக்கிட்டு."

"என்னையா? அவர்தானே என்னை அனுப்பினார்! நான் மாட்டேன்னுதான் சொன்னேன். 'நீயே தனியா ஓட்டிப் பழகு, மேலே கலங்கரை விளக்கம் வரைக்கும் போய்ட்டு வா'ன்னு அவர்தான் எழுப்பிவிட்டார்."

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது.

"சொல்லாம எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்கன்னு இவங்ககிட்டச் சொல்லியிருக்காரே?"

"இல்லையே…"

டெலிபோன் மறுபடியும் அலறியது. இன்ஸ்பெக்டரே எடுத்தார்.

"ம்… பேசு… விடுதி அறையிலயா? பெட்டிக்குள்ளேயா? எதுல சுத்தி?… புரியுது. தொடாதே! அப்படியே வை."

ரிசீவரை வைத்தார்.

"உங்க கணவர் பெட்டியில ஒரு பிளேயர் இருக்கு. விடுதித் துண்டுல சுத்தி வெச்சிருக்கார். துண்டு பூரா பிரேக் ஆயில்."

மெக்கானிக் ஓரடி முன்னால் வந்தான்.

"சார்! ராத்திரி அவர் தளர்த்தினது நாலாம் நம்பரை! அதான் அவங்க வண்டின்னு அவருக்கு நினைப்பு. விடிகாலையில நான் அதை மாத்தினது அவருக்குத் தெரியாது…"

"ஆக, அது இவங்களுக்காகத் தளர்த்தின நட்டு!" என்றார் இன்ஸ்பெக்டர். "சேதி வரும் வரும்னு காத்திருக்கார். வரலை. பதறிப்போய்த் தேடற புருஷன் வேஷம் போட்டாகணும். வண்டி கேட்டு இங்கே வந்திருக்கார். தான் குதறி வெச்ச வண்டியையே கையெழுத்து போட்டு வாங்கிக்கிட்டுப் போயிருக்கார்!"

அந்தப் பெண் எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள். உதடு கோணியது. சிரிப்பா, அழுகையா என்று தெரியவில்லை.

"வீட்டை அவர் பேருக்கு எழுதச் சொல்லி மூணு வருஷமா ஒரே சண்டை. அது எங்க அப்பா கட்டின வீடு. எழுத மாட்டேன்னுட்டேன். இந்தத் தடவை சண்டையே போடலை. சமாதானமா எங்கேயாவது போய்ட்டு வருவோம்னார்…"

"தண்ணி குடிங்க," என்றாள் அக்கா.

"எட்டு வருஷம் அக்கா! நான் சாலையைக் கடந்தாக்கூட 'உனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு கையைப் பிடிச்சு இழுப்பார். இன்னிக்குத்தான் முதல் தடவையா வண்டியில தொங்கின சாவியை எடுத்துக் கையில கொடுத்து, 'உன்னால முடியும்'னார். மலை ஏறும்போது சந்தோஷத்துல அழுதுகிட்டே ஓட்டினேன்…"

சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"கீறல் ஏதாவது இருக்கான்னு பார்த்துக்குங்க. என்மேலதான் ஒரு கீறலும் இல்லையே!"

*

நாலு மணிப் படகு மெக்கானிக் இல்லாமல் போனது.

அந்தப் பெண் போனாள். இன்ஸ்பெக்டர் போனார். சவப்பெட்டிக்குள் கூலிங்கிளாஸும் போனார்.

மெக்கானிக் ஷெட்டைக் கூட்டினான். நாலாம் நம்பர் வழக்கமாக நிற்கும் இடத்தில் மரத்தூள் கொட்டிக் கிடந்தது. காலால் தள்ளினான்.

கீழே ஆயில் கறை.

நிமிர்ந்தான். அலமாரியில் பிரேக் ஆயில் டப்பா. நேற்று மாலை அவன் உடைத்த புது டப்பா. எடுத்து ஆட்டிப் பார்த்தான்.

பாதி காலி!

இன்று காலை அவன் குளிக்கப் போனபோது, ரெண்டாம் நம்பர் கழுவி, டேங்க் நிரப்பி, வாசலிலேயே நின்றிருந்தது. இப்போதும் அங்கேயேதான் நிற்கிறது. அதை விட்டுவிட்டு, அவருக்கு ஏன் நாலாம் நம்பர்?

ஆபீஸுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினான்.

"அக்கா… ஷெட்டுக்கு வர்ற ஒவ்வொரு வண்டியையும் நீ மூணு தடவை மிதிச்சுப் பார்ப்பியே. இன்னிக்கு நாலாம் நம்பரை மிதிச்சியா?"

"என்னிக்கு விட்டிருக்கேன்?" அக்கா கோடு போட்டுக்கொண்டே சொன்னாள். "முதல் ரெண்டு மிதி பிடிச்சுது. மூணாவது மிதியில பெடல் தரையைத் தொட்டுது."

"அக்கா!"

"கத்தாதே. அதை அஞ்சு மணிக்கு ஓட்டிக்கிட்டு வந்தவன் நீ. உன்னைக் கொல்லத்தான் எவனோ பார்த்திருக்கான்னு நினைச்சேன். ஏழே முக்காலுக்கு அந்த மனுஷர் வந்து, 'வளைவுல பிரேக் பிடிக்காம போயிருந்தா என்ன பண்றது?'ன்னு கேட்டார். நான் பிரேக்கைப் பத்தி ஒரு வார்த்தைகூடப் பேசலை."

"அப்பவே போலீஸ்ல சொல்லியிருக்கலாமே!"

"என்னன்னு? அந்தப் பொண்ணு சௌக்கியமா வண்டி ஓட்டிக்கிட்டிருக்கா. நட்டு தளர்ந்திருக்குன்னா யார் கையைப் பார்ப்பாங்க? இன்னிக்கு யார் கையைப் பார்த்தாங்க?"

மெக்கானிக் தன் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"நானே என்னைச் சந்தேகப்பட்டேன் அக்கா… பள்ளத்துல நின்னுக்கிட்டு… நீ முன்னாடியே என்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா உன் முகம் காட்டிக்கொடுத்திருக்கும். உனக்குப் பொய் வராது. அவருக்கும் நான் வழி விட்டேன். மிதிச்சுப் பாருங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். மூணு தடவை மிதிச்சிருந்தார்னா இறங்கி நடந்து போயிருப்பார்."

"அப்புறம் ஏன் ஆயிலை ஊத்தி வெச்சே? ஊத்தாம விட்டிருந்தா வாசல்லயே அவருக்குத் தெரிஞ்சிருக்குமே!"

அக்கா ஸ்கேலை எடுத்தாள். கோடு முடிந்திருந்தது. எழுந்து போய், சுவரில் சற்றே சாய்ந்திருந்த பலகையை நேராக்கினாள்.

"ராத்திரி அவர் விட்டுட்டுப் போன அளவு குறைஞ்சிருந்துதே! எந்த நிலையில வாங்கினோமோ, அதே நிலையில திருப்பித் தர வேண்டாமா… நிபந்தனைன்னா ரெண்டு பக்கத்துக்கும்தான்!"