உறைந்த ஏரி, தூங்குவதற்கு

அந்தத் தட்டலை இல்மரியால் அழிக்க முடியவில்லை.

தூக்கம் வராதவர்களுக்காக அவன் நடத்தும் செயலியில் எல்லோரும் விரும்பிக் கேட்பது 'உறைந்த ஏரி' என்ற ஒலிப்பதிவு. மார்ச் மாதம், ஏரிமேல் பனித்தகடு விரிசல் விடும் ஓசையை, தண்ணீருக்குள் மைக்கை இறக்கிப் பிடித்தது. அதில் இப்போது யாரோ தட்டும் சத்தம். வெட்டி எறிந்தான்; அடுத்த தூக்கத்தில் மறுபடி கேட்டது. கணினித் திரையில் பார்த்தால் அந்த இடத்தில் ஒலியே இல்லை, வெறும் நேர்கோடு.

"எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா" என்று ஹெட்போனைக் கழற்றினாள் அவன் மனைவி கீர்சி. "ஊரையே தூங்க வைக்கிற மனுஷன், உன் கண்ணைப் பாரு, வேகவெச்ச மீன் கண்ணாட்டம். மழை, காத்துன்னு எவ்வளவு வெச்சிருக்க, அதுல ஒண்ணைப் போட்டுக்கிட்டா என்ன?"

"அதுல எனக்குத் தூக்கம் வரல."

"அப்ப அந்த ஏரியையே கட்டிக்கிட்டு அழு."

பனியில் ஓசை போகும் விதமே தனி. கீச்சுக்குரல் வேகமாக ஓடும். கனத்த குரல் பின்தங்கும். அதனால் தொலைவில் விழும் அடி காதுக்கு வருவதற்குள் இழுபட்டு, 'பியூ' என்று வால்போல் நீண்டு மேலிருந்து கீழே சறுக்கும். கிட்டே விழுந்தால் எல்லாம் ஒன்றாக வந்து சேரும்; வெறும் 'டொக்'. இல்மரி கேட்ட தட்டல் ஏப்ரலில் நீண்ட வாலோடு சறுக்கியது. மே மாதத்தில் வால் பாதியானது. ஜூனில் நுனி மட்டும்தான் மிச்சம்.

யார் தட்டியது என்று அவனுக்குத் தெரியும். ஹென்னா. செயலியின் பாதி அவளுடையது. ஓசையைத் தேர்ந்தெடுக்கும் காது முழுக்க அவளுடையது. பனிமேல் நடப்பவர்கள் கழுத்தில் இரண்டு கூர் ஆணிகளைத் தொங்கவிட்டிருப்பார்கள், உள்ளே விழுந்தால் குத்திப் பிடித்து ஏறிவர. அவை ஒன்றோடொன்று உரசும் சத்தம் பதிவில் விழுகிறது என்று அவளிடம் அவற்றைக் கழற்றச் சொன்னது இல்மரிதான். மார்ச்சில், அந்தப் பதிவின்போது பனி உடைந்து அவள் உள்ளே விழுந்தாள்; அவன் கரையில் ஹெட்போனோடு இருந்தான். பனிக்கு அடியிலிருந்து அவள் தட்டினாள். அத்தனை சுத்தமான ஓசை அவனுக்கு அதுவரை கிடைத்ததில்லை. தட்டல் நிற்கும்வரை கேட்டான். பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டான்.

ஜூன் கடைசியில் அதே ஏரிக்கரையில் இருந்த தங்கள் மரவீட்டுக்குப் போனார்கள். இரவாகியும் வெளியே சூரியன் இறங்க மனமில்லாமல் நின்றது.

"சவுனா சூடாக ஒரு மணி நேரமாவது ஆகும், அதுவரைக்கும் படு" என்று சொல்லிவிட்டு கீர்சி அந்த நீராவிக் குளியல் அறைக்கு விறகோடு போனாள்.

படுத்தான். திறந்த ஜன்னல் வழியே பிர்ச் மரக்கட்டையின் புகையும், படகுக்குப் பூசிய தாரின் வாடையும் வந்தன. ஹெட்போனுக்குள் ஏரி மெல்ல முனகியது; எங்கோ தூரத்தில் ஒரு விரிசல் நீளமாகச் சறுக்கி அடங்கியது. கண் சொருகியது. புகை வாடை போயிற்று. தார் வாடையும் போயிற்று. பழைய தண்ணீரின் வாடை.

டொக்.

வால் இல்லை.

எழப் பார்த்தான். நெற்றி எதிலோ இடித்தது. குளிர். பல்லுக்குள் குளிர். முகத்துக்கு மேலே வெண்தகடு, அதன் அடியில் ஒட்டிக்கொண்ட குமிழிகள். அவன் விட்ட மூச்சு.

டொக். தட்டியது அவன் கை.

தகட்டுக்கு அப்பால் ஜன்னல் மங்கலாகத் தெரிந்தது. கட்டில். கட்டிலில் ஒருத்தி. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. காதில் அவனுடைய ஹெட்போன்.

"ஹென்னா" என்றான். வாய்க்குள் தண்ணீர் வந்தது.

இரண்டு கையாலும் தட்டினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒலியைக் கொஞ்சம் கூட்டினாள்.

அந்தத் தட்டலை நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. தட்டுகிறவனுக்கு மூச்சு தீர வேண்டும்.