உறை விட்ட குளம்

கை கழுவிவிட்டுத் துண்டால் துடைக்கும்போதுதான் ஜெஃப்ரி அதைக் கவனித்தான். அவனுடைய வலது கையில் ஒரு முடிகூட இல்லை.

முழங்கை வரைக்கும் வழவழவென்றிருந்தது. அதற்கு மேலே வழக்கமான கறுப்பு முடி, யாரோ அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்தாற்போல அங்கிருந்து தொடங்கியது. காயம் இல்லை. எரிச்சல் இல்லை. துண்டை உதறினான். பொடிப்பொடியாக முடி தரையில் கொட்டியது.

மதியம், பூங்காவின் முதல் குளத்தில் கை விட்டது நினைவுக்கு வந்தது. தண்ணீர் வரும் துவாரத்தை ஒரு பிளாஸ்டிக் கவர் அடைத்துக்கொண்டிருந்தது. சட்டையைச் சுருட்டி, முழங்கை மூழ்கும்வரை விட்டு, அதைப் பிடுங்கி எடுத்தான். அவ்வளவுதான் செய்தான்.

அனகாபுத்தூரில் அடையாற்றங்கரையில் அந்த இடம் நெடுங்காலமாகப் பாழாய்க் கிடந்தது. ஒரு காலத்தில் தோல் பதனிடும் ஷாப். மூடிய பிறகு கருவேலமும் குப்பையும் பாம்பும்தான் குடித்தனம். இப்போது அது ஆற்றோரப் பூங்கா. நடைபாதை, கிரானைட் பெஞ்சுகள், தானாக எரியும் சோலார் விளக்குகள். தோல் ஊறப் போட்ட நாலு பெரிய குழிகளையும் இடிக்காமல் அல்லிக் குளங்களாக மாற்றியது சைட் இன்ஜினியர் ஜெஃப்ரியின் யோசனை. நாளைக் காலை மந்திரி வந்து ரிப்பன் வெட்டுகிறார்.

தோல் ஷாப்புக்காரர் மகன் உமர், காலேஜில் ஜெஃப்ரியின் பெஞ்ச் தோழன். இப்போது நாகல்கேணியில் ஷூவுக்கு மேல்தோல் தைத்து ஏற்றுமதி செய்கிறான். ஜெஃப்ரி அவனுக்குப் போன் போட்டான்.

"இன்னா மச்சான், நாளைக்கு மாலை மரியாதை எல்லாம் உனக்குத்தானா?"

"கை முடி மொத்தமா கொட்டிடுச்சுடா."

"தலை முடி கொட்டினாத்தான் கவலைப்படணும். உனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே, விடு."

"வெளாடாத. முதல் குளத்துல கைய விட்டேன்."

"எது, ரோட்டுப் பக்கம் இருக்கிறதா? அது சுண்ணாம்புக் குழிடா. வாப்பா காலத்துல தோல மொதல்ல அதுலதான் போடுவாங்க. மயிர் பூரா கழண்டு வந்துடும்."

"அது அந்தக் காலம். இப்ப உள்ள இருக்கிறது புது போர் தண்ணி."

"அடிச் சேற வாரினீங்களா?"

"எங்க டைம் இருந்துச்சு?" என்றான் ஜெஃப்ரி. வாரவில்லை. மழைக்காலம் நெருங்கிவிட்டது, திறப்புவிழாத் தேதி குறித்தாகிவிட்டது. அடியில் கணுக்கால் அளவு கறுப்புச் சகதி இருந்தது. மேலே மணலைக் கொட்டிக் கூழாங்கல்லைப் பரப்பச் சொல்லிவிட்டான்.

உமர் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்க ஆளுங்க குழிய முழுசா காலி பண்ணவே மாட்டாங்கடா. பழசு கொஞ்சம் அடியில விட்டுத்தான் புதுத் தண்ணி ஊத்துவாங்க. தயிருக்கு உறை ஊத்தற மாதிரி. நீ உறைய உள்ளயே வெச்சு ஊத்திருக்க. வேலைய ஆரம்பிச்சிடுச்சு பாரு!"

"கைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"தோலுக்கு ஒரே சட்டம்தான் மச்சான். மொதக் குழியில எறங்கினா கடைசிக் குழி வரைக்கும் போயே ஆவணும். நடுவுல நிறுத்தினா அழுகிடும்." மறுபடி சிரித்தான். "பயந்துட்டியா? போய் சோப்பு போட்டுக் கழுவு, போ."

சோப்பு போட்டுக் கழுவினான். முகர்ந்தான். மறுபடி கழுவினான். எலுமிச்சை வாசனைக்கு அடியிலிருந்து வேறொன்று மெதுவாக எழுந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிக்கடையின் பின்பக்கம் வீசும் வாடை.

அப்போதுதான் ஹெப்சி ஞாபகம் வந்தது.

ஹெப்சி அவன் மனைவி. பம்மலில் டீச்சர். "நாளைக்குக் கூட்டத்துல நான் என்னத்தப் பாக்கறது? ஸ்கூல் விட்டு இன்னிக்கே வரேன், உன் குளத்த எனக்குத் தனியா காட்டு" என்று காலையில் சொல்லியிருந்தாள். அந்த அல்லிகளுக்கு நிறம் தேர்ந்தெடுத்ததே அவள்தான். வந்தால் தண்ணீரைத் தொடாமல் இருக்க மாட்டாள். போன் அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தான்.

ஆபீஸ் அறையை விட்டு வெளியே ஓடினான். மேகம் கவிந்து சாயங்காலமே இருட்டு கட்டியிருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. வேலையாட்கள் மழையைச் சாக்காக வைத்து எப்போதோ கிளம்பிவிட்டார்கள். வாட்ச்மேன் டீ குடிக்கப் போனவன் இன்னும் திரும்பவில்லை. ஆற்றுப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்றில், ஊறிய மரப்பட்டையின் துவர்ப்பும் அழுகிய முட்டையின் நெடியும் மாறி மாறி முகத்தில் அடித்தன. அவற்றுக்கு நடுவே குளங்களின் பக்கம் ஒரு சத்தம். கனமான ஈரப் பொருள் ஒன்றை யாரோ தண்ணீருக்குள்ளிருந்து தூக்கி, புரட்டி, மறுபடி போடுகிற சத்தம்.

தொப்.

நின்றான். தூறல் மட்டும் கேட்டது.

தொப்.

முதல் குளத்தின் விளிம்புக் கல்லில் ஹெப்சி உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். முதுகு அவன் பக்கம். ஒரு கையில் குடை, இன்னொரு கை அல்லி மொட்டை நோக்கி நீண்டிருந்தது.

"ஹெப்சி!"

அவளுக்குக் கேட்கவில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழப் பறந்து, மற்ற சத்தத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு போனது. அவன் ஓடினான். அவளுக்குப் பின்னால் வந்துவிட்டான். அவள் விரல் தண்ணீரைத் தொடப் போன கணத்தில், அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

அந்தக் கத்தலில்தான் அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். ஈரக் கல் வழுக்கியது. குடையோடு தலைகுப்புற உள்ளே போனாள்.

குளம் கழுத்தளவுதான். ஆனாலும் அவள் எழுந்திருக்க நேரமானது. ஏதோ அவளைக் கீழே பிடித்து, நிதானமாக ஒருமுறை புரட்டிவிட்டு அனுப்பியதுபோல் இருந்தது. மேலே வந்து மூச்சு வாங்கினாள். சிரித்தாள்.

"லூசா நீ? இப்படியா கத்துவ? புதுச் சுடிதார்டா இது!"

ஜெஃப்ரியால் சிரிக்க முடியவில்லை. அவளுடைய நீளப் பின்னல், ரப்பர் பேண்டோடு, குளத்தின் நடுவே தனியாக மிதந்தது.

அவள் அவன் பார்வையைத் தொடர்ந்து திரும்பினாள். கையைத் தலைக்குக் கொண்டுபோனாள். தடவினாள். புருவம் இருந்த இடத்தைத் தடவினாள். பிறகு அவள் போட்ட அலறலுக்கு ஆற்றின் அக்கரையிலிருந்த கொக்குகள் எழுந்து பறந்தன.

கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான். குழாயடியில் நிறுத்தி வாளி வாளியாக ஊற்றினான். ரெயின்கோட்டைச் சுற்றி, தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினான்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்மா. ஒண்ணுமில்ல. வெறும் சுண்ணாம்பு. முடி வளந்துடும்."

"நாத்தம் வருது ஜெஃப்."

"அது இந்த இடத்து நாத்தம்மா."

"இல்ல. என் மேலருந்து வருது."

கேட் வரைகூடப் போகவில்லை. அவள் நெளியத் தொடங்கினாள். உள்ளே எரிகிறது என்றாள். காற்று பட்டால் எரிகிறது, தண்ணீரில் எரியவில்லை, என்னைத் திரும்பத் தண்ணீரிலேயே விடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினாள். அவன் காரை நிறுத்திக் கதவைத் திறந்து, அவள் குதிகாலைப் பிடித்தான். பிடித்த இடத்தில் தோல் நழுவியது. பழைய சாக்ஸ் போல. ரத்தம் வரவில்லை. அடியில் வெளுப்பாக, நீர் கோத்து, கூழாக ஏதோ.

ஜெஃப்ரி தன் வலது கையைப் பார்த்தான். விரல் நுனிகள் பச்சை பாய்ந்திருந்தன.

நடுவுல நிறுத்தினா அழுகிடும்.

எதையும் முதலில் சாம்பிள் எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகும் பழக்கம் அவனுக்கு. இரண்டாவது குளத்துக்கு ஓடினான். மண்டியிட்டு, வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டான். இதமாக இருந்தது. ஆயிரம் சின்ன வாய்கள் வலிக்காமல் சப்புவதுபோல. வெளியே எடுத்தபோது நாற்றம் இல்லை. பச்சை இல்லை. தோல் இறுக்கமாக, சுத்தமாக, பளபளவென்று.

அழுதுகொண்டே சிரித்தான். காருக்கு ஓடினான்.

"ஹெப்சி, வழி கெடைச்சிடுச்சு. நாலு குளத்துலயும் எறங்கி ஏறணும். அவ்வளவுதான். நான் கைய விடவே மாட்டேன்."

அவள் அவனை நம்பினாள். எப்போதும்போல. அவனுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது குளத்தில் தானே இறங்கினாள். அவன் இடது கையால் விளிம்புக் கல்லைப் பற்றிக்கொண்டான். "தலையும் முங்கணும்மா. எதையும் வெளிய விட்டுடக் கூடாது." அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள்.

தொப் என்று உள்ளே ஏதோ புரண்டது.

எழுந்தபோது அவள் முகத்தில் வலி இல்லை. "பரவால்ல ஜெஃப். எரியல." குரல் மட்டும் கொஞ்சம் காற்றடித்தது.

அவளைத் தூக்கி மூன்றாவது குளத்துக்குக் கொண்டுபோனான். அவ்வளவு தூரம் தூக்கியும் மூச்சு வாங்கவில்லை. பதற்றத்தில் வரும் பலம் என்று நினைத்துக்கொண்டான். இங்கே தண்ணீர் கறுஞ்சிவப்பாக இருந்தது. மரப்பட்டை வாடை. இறக்கினான். முங்க வைத்தான். விரல்களுக்குள் அவள் விரல்கள் மெலிந்துகொண்டே போயின.

சட்டைப் பையில் போன் அடித்தது. உமர். இடது கையால் எடுத்தான்.

"மச்சான், கை எப்படிக் கீது?"

"உமர்... நாலு குழியிலயும் எறக்கினா, முழுசா எறக்கினா, சரியாயிடும்ல? அழுகாதுல்ல?"

"என்ன, நாளைக்கு மந்திரி கேட்டா சொல்றதுக்கா? நல்லா கேட்டுக்கோ. முழுசா பதமானா நூறு வருஷம் ஆனாலும் ஒண்ணும் ஆவாது. மொதக் குழியில மயிர் போவும். ரெண்டாவதுல சதை போவும். அப்புறம் ரெண்டு பட்டைக் குழி. முடிஞ்சுது."

"சதை..."

"பின்ன? சதைய வெச்சுக்கினு நாங்க இன்னாடா பண்றது? தோல்தானே சரக்கு."

போன் நழுவிக் குளத்தில் விழுந்தது.

கையைப் பார்த்தான். தண்ணீருக்குள் இருந்தது கை இல்லை. கையுறை. காற்று போன, பழுப்பு நிறக் கையுறை, அவன் முழங்கையிலிருந்து தொங்கியது. அதன் விரல்களோடு இன்னொரு கையுறையின் விரல்கள் கோத்துக்கொண்டிருந்தன.

"ஹெப்சி."

தண்ணீர் அசைந்தது.

இப்போது விட்டால் அழுகிவிடுவாள். விடாவிட்டால்? பாதி தூரம் வந்தாயிற்று. பாதிக்கும் மேலே. யோசித்தான். யோசிக்க ஒன்றும் இல்லை.

இடது கை ஒன்றால்தான் தூக்கினான். அது போதுமாக இருந்தது. தோள்மேல் போட்டுக்கொண்டான். ஈரத் துணியின் கனம். அவள் பாதங்கள் அவன் முட்டியில் பட்டு, மடங்கி, மறுபடி பட்டன. நாலாவது குளம். இறக்கினான். மிதந்தாள். கையால் அமுக்கினான். மறுபடி மிதந்தாள். மறுபடி அமுக்கினான்.

தொப்.

தொப்.

பிறகு சத்தம் ஓய்ந்தது. தூறலும் நின்றுவிட்டது. சோலார் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. நாளைக்கு மந்திரி உட்காருவதற்காகத் துடைத்து வைத்திருந்த கிரானைட் பெஞ்சில் அவளைப் போட்டான். குவியலாக விழுந்தாள். இப்படியே காய்ந்தால் சுருங்கிப் போவாள் என்று தோன்றியது. முதலில் கால்களை இழுத்து விட்டான். கைகளைப் பக்கவாட்டில் விரித்து வைத்தான். நாற்றமே இல்லை. உமர் சொன்னது சரி. அழுகவே மாட்டாள்.

முகம் மட்டும் மடிந்து கிடந்தது. கன்னத்துச் சுருக்கங்களை உள்ளங்கையால் ஒவ்வொன்றாக நீவினான். நெற்றியை நீவினான். உதட்டோரத்தை இழுத்துச் சரிசெய்தான்.

"வலிக்குதாம்மா?"

பெஞ்சின் கிரானைட் தெரிந்த இரண்டு ஓட்டைகளின் மேல், இமைகள் மெல்ல மூடின. திறந்தன.

அவனைப் பார்த்தன.