ஏழாம் பகுதிக் கோழி

கோழி பிடிக்க வந்த ஆட்களுக்குப் பெரிதாக வேலை இல்லை. கூண்டுகளைத் திறந்து வைத்துவிட்டு ஓரமாக நின்று டீ குடித்தார்கள். கோழிகள் தாமாகவே நடந்து போய் உள்ளே ஏறிக்கொண்டன. நாலாயிரம் கோழிகளுக்கும் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கல்யாணப் பந்திக்குப் போகிற மனுஷர்கள் இவ்வளவு ஒழுங்காகப் போய் யாரும் பார்த்ததில்லை.

எல்லாம் குடல்செவியும் சாந்தக்கலவையும் செய்த வேலை. மாத்திரைகளுக்குக் கிருமிகள் மசியாமல் போன பிறகு, ஓமம், பூண்டு, கருஞ்சீரகம், கம்பெனி வெளியே சொல்லாத இரண்டு தழைகள் என்று சேர்த்து அரைத்தது அந்தக் கலவை. கொட்டகைத் தரைக்கடியில் பதித்த குடல்செவி, கோழிகளின் வயிற்று இரைச்சலை ஓயாமல் கேட்கும். எங்காவது ஒரு வயிறு கலங்கினால் எந்தப் பகுதி என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டுத் தீவனத்தில் கலவையைக் கூட்டும். கழிச்சல் நின்றது. கூடவே யாரும் எதிர்பார்க்காதபடி கோழிகளின் பயமும் போய்விட்டது. குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் மூளைக்குச் சேதி அனுப்புகின்றன, அவை அடங்கினால் மனசும் அடங்கும் என்று படித்தவர்கள் விளக்கினார்கள். இடிச் சத்தத்துக்கு ஒன்றின்மேல் ஒன்று குவிந்து மூச்சுமுட்டிச் செத்த கோழிகள், இப்போது தலையைக்கூடத் தூக்குவதில்லை.

தாரணியின் பண்ணையில் ஒரே ஒரு குறை. ஏழாம் பகுதியில் ஒரு கோழி வேதனையில் இருப்பதாகக் குடல்செவி தினமும் காலையில் சொல்லும். கணவன் கவின் கொட்டகையிலிருந்து திரும்பி வந்து, ஒன்றுமில்லை என்பான். மூன்று முறை கோழிகளை விற்றுப் புதுக் குஞ்சு விட்டும் அந்த அறிவிப்பு மட்டும் மாறவில்லை.

அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. எதைப் பற்றியும் அவளுக்குக் கவலை வரவில்லை. ஏழு மாதத்துக்கு முன் பதினாலு வயது மகள் யாழினி காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டு மாதம் தாரணி சோறு தண்ணீர் இல்லாமல் அழுது கிடந்தாள். பிறகு பத்தே நாளில் அழுகை நின்றது. காலம் ஆற்றிவிட்டது என்றார்கள் உறவுக்காரர்கள். அவளும் நம்பினாள். மகளின் பள்ளிச் சீருடையை எடுத்து வைத்தபோது, வெறும் துணியை மடிப்பதுபோலத்தான் இருந்தது.

அடுத்த குஞ்சுகள் இறங்கிய வாரம் தீவன லாரி வந்தபோது கவின் பல்லடம் போயிருந்தான். மகள் போனதிலிருந்து சரக்கு இறக்குவது அவன் பொறுப்பு. சாந்தக்கலவை வந்ததும் அதற்குப் பிறகுதான். கருவிகள் என்ன சொன்னாலும், பையைப் பிரித்து ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்க்காமல் கோழிக்காரர்கள் எந்தச் சரக்கையும் இறக்க மாட்டார்கள். பூசணம் பிடித்திருந்தால் நாக்குக்குத்தான் முதலில் தெரியும். தாரணியும் போட்டுப் பார்த்தாள்.

பூசணம் இல்லை. ஆனால் அந்தக் கசப்பையும் பின்னால் வந்த ஓமக் காரத்தையும் அவள் நாக்கு உடனே கண்டுகொண்டது. ஐந்து மாதமாகக் காலையில் கவின் தன் கையால் கரைத்துத் தரும் கம்பங்கூழின் ருசி அது. உடம்பு தேறுவதற்கு வைத்தியர் கொடுத்த பொடி என்று சொல்லியிருந்தான்.

கவின் வந்ததும் கேட்டாள். அவன் மறைக்கவில்லை.

"நீயும் போயிருவியோன்னு பயந்துட்டேன், அம்மிணி."

"நீங்களும் குடிக்கறீங்களா?"

"இல்ல. நம்ம பாப்பாவுக்கு அழுகறதுக்கு ஒரு ஆளாச்சும் வேணுமல்ல."

இதைக் கேட்டுக் கோபமோ அழுகையோ வரவேண்டும் என்று தாரணிக்குத் தெரிந்தது. இரண்டும் வரவில்லை. பெற்ற வயிறு இப்படி மரத்துக் கிடப்பதை நினைத்துப் பார்த்தாள். அன்றோடு கூழை நிறுத்தினாள்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் இடி இடித்தபோது திடுக்கிட்டாள். அதற்கு நாலாம் நாள் காலை, கவினைத் தேடிக் கொட்டகைக்குள் போனாள். ஏழாம் பகுதியில், சிவப்புத் தண்ணீர்க் குடுவைக்குப் பக்கத்தில் அவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். குடுவையின்மேல் நீல நகப்பூச்சில் கோணல்மாணலாக ஏழு என்று எழுதியிருந்தது. யாழினி எழுதியது. கவினின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

தினமும் வேதனையில் இருந்த கோழி எது என்று தாரணிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் அழ அழக் கலவை கூடி, கோழிகள் இன்னும் சாதுவாகிக் கூண்டேறியிருக்கின்றன.

அவள் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. அவனருகே சரிந்து உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். செத்துப்போய்விடலாம் போல வலித்தது. அந்த வலியில் மகள் இருந்தாள். ஏழு மாதத்தில் முதல்முறையாக அம்மாவும் அப்பாவும் சேர்ந்து அழுதார்கள். சத்தம் கேட்டு நாலைந்து குஞ்சுகள் கிட்டே வந்து, தலையைச் சாய்த்து அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றன.

ஒலிபெருக்கி இதமான குரலில் சொன்னது.

"ஏழாம் பகுதியில் இரண்டு கோழிகள் வேதனையில் இருக்கின்றன. கலவை கூட்டப்படுகிறது."

தீவனக் குழாய் கடகடத்தது. குஞ்சுகள் தட்டை நோக்கித் திரும்பிப் போயின.