மண்புழுவின் சொந்தக்காரர்

ஐந்தாம் வகுப்பு ஷாமிளா எதைச் சொன்னாலும் வகுப்பில் யாரும் நம்புவதில்லை. அதற்கு அவளேதான் காரணம். மூன்றாம் வகுப்பில் படித்தபோது, ஐந்து கால் தவளையைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டாள். தவளைக்கு நான்கு கால்தான். ஐந்தாவது ஒரு குச்சி.

அதனால், "அட்டையும் மண்புழுவும் சொந்தக்காரங்க, டீச்சர்" என்று அவள் சொன்னதும் வகுப்பே சிரித்தது.

"அட்டை ரத்தம் குடிக்கும். மண்புழு குடிக்குமா?" என்று கேட்டான் நிரோஷன்.

"உங்க சித்தப்பா லொறி ஓட்டுறாரு. நீ ஓட்டுறியா?" என்றாள் ஷாமிளா. "ரெண்டுக்கும் உடம்பு முழுக்க வளையம் வளையமா இருக்கு. புத்தகத்துல படிச்சேன்."

"அந்தத் தவளையும் புத்தகத்துல இருந்துச்சா?"

சுமித்ரா டீச்சர் மேசையைத் தட்டினார். "நாளைக்கி முதல் பாடத்துல ரெண்டையும் கொண்டுவந்து காட்டு ஷாமிளா. அதுக்குப் பிறகு கணக்குப் பாடம்."

இந்த முறையும் தோற்றால் அந்தத் தவளை ஷாமிளாவை எந்த வகுப்புக்குப் போனாலும் விடாது.

மறுநாள் காலை மழை தூறியது. அம்மா தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். துணி துவைக்கும் சவுக்காரத்தையும் உப்பையும் குழைத்துத் தன் காலில் பூசிக்கொண்டு, மீதியை ஷாமிளாவிடம் நீட்டினார்.

"முட்டி வரைக்கும் பூசிக்க புள்ள. கொழுந்து மலையில ஒரே அட்டை."

ஷாமிளா நன்றாகப் பூசிக்கொண்டாள். அதே கையோடு லயத்து வீட்டுக்குப் பின்னால் ஓடி, வாழை மரத்தடியில் தோண்டி, ஐந்து மண்புழுக்களை ஜாம் போத்தலில் போட்டாள். மூடியில் ஏற்கெனவே ஓட்டை போட்டு வைத்திருந்தாள். அட்டையைப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் பிடித்துக்கொள்ளலாம். புளத்கொகுபிட்டியப் பக்கத்தில் மழை நாளில் அட்டைக்கா பஞ்சம்?

அன்றைக்குப் பஞ்சம்தான். அவள் காலில் ஏறப் பார்த்த அட்டைகள் சுருண்டு புல்லுக்குள் விழுந்தன. குனிந்து தேடினால் ஒன்றும் அகப்படவில்லை.

போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். மண்புழுக்களும் முறுக்கிக்கொண்டு துடித்தன. அவற்றின் உடம்பில் நுரை நுரையாக ஏதோ ஒட்டியிருந்தது.

காற்று போதவில்லையோ? மூடியில் ஓட்டை இருக்கிறதே. ஷாமிளா தன் கையை முகர்ந்து பார்த்தாள். சவுக்கார வாசனை. மண்புழு தோலால்தான் மூச்சு விடும் என்று புத்தகத்தில் படித்தது ஞாபகம் வந்தது. அட்டைக்குப் பூசியது மண்புழுவையும் எரிக்கிறது.

தண்ணீர் கொட்டும் பீலி வந்த வழியில் கீழே இருந்தது. திரும்பிப் போனால் முதல் பாடம் போய்விடும். செத்த புழுவிலும் வளையம் இருக்கும், அப்படியே காட்டிவிடலாம். இப்படி ஒரு யோசனை வந்ததே அவளுக்கு வெட்கமாக இருந்தது. உடனே திரும்பி ஓடினாள்.

பீலியில் கைகளைத் தேய்த்துக் கழுவினாள். காலில் இருந்ததும் தண்ணீரோடு போய்விட்டது. புழுக்களை ஒவ்வொன்றாக அலசி, போத்தலையும் கழுவி, புது ஈரமண் போட்டாள். நான்கு புழுக்கள் நெளிந்தன. ஐந்தாவது அசையவில்லை.

பள்ளிக்கூட மணி கேட்டது. ஷாமிளா நகராமல் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து அது நுனியை மெல்ல நீட்டி மண்ணுக்குள் நுழைந்தது.

அவள் வகுப்புக்கு வந்தபோது டீச்சர் கணக்குப் புத்தகத்தை எடுத்துவிட்டிருந்தார்.

"முதல் பாடம் முடிய இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. சொல்லு" என்றார்.

"அட்டை எங்க?" என்றான் நிரோஷன்.

"கிடைக்கல" என்று சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, தான் செய்த தப்பையும் பீலிக்குத் திரும்பி ஓடியதையும் ஒன்று விடாமல் சொன்னாள். "சவுக்காரமும் உப்பும் பட்டதும் ரெண்டும் ஒரே மாதிரி சுருண்டுச்சு டீச்சர். நான் பார்த்தேன்."

முன் மேசை ஹபீஸா மெதுவாக, "ஷாமிளா, உன் கால்ல பாரு" என்றாள்.

முட்டிக்குக் கீழே ஓர் அட்டை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

டீச்சர் கோடு போடும் அடிமட்டத்தின் ஓரத்தால் அதை நெம்பி எடுத்து ஒரு தட்டில் விட்டார். பக்கத்தில் ஒரு மண்புழுவை வைத்தார். நிரோஷன் டீச்சரிடமிருந்து பூதக்கண்ணாடியை வாங்கி அட்டையைப் பார்த்தான். மண்புழுவைப் பார்த்தான். மறுபடியும் அட்டையைப் பார்த்தான்.

"ரெண்டுலயும் வளையம் இருக்கு டீச்சர்."

"கடல்லயும் இதுங்களுக்கு ஆயிரக்கணக்கான சொந்தம் இருக்கு" என்றார் டீச்சர். "சிலதுக்கு உடம்பு முழுக்க முடி. சிலது குழாய் கட்டி அதுக்குள்ளேயே குடியிருக்கும்."

நிரோஷன் ஷாமிளாவின் பக்கம் திரும்பினான். "அப்ப அந்தத் தவளை?"

"அது குச்சி" என்றாள் ஷாமிளா. இந்த முறை அவளும் சேர்ந்து சிரித்தாள்.

சாயங்காலம் ஐந்து புழுக்களையும் வாழை மரத்தடியில் விட்டாள். வேலை முடிந்து வந்த அம்மா அவள் காலில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார்.

"காலையில பூசிக்கிட்டுத்தானே போன?"

"கழுவிட்டேம்மா" என்றாள் ஷாமிளா. "மண்புழுவைப் பார்க்க அதோட சொந்தக்காரர் ஒருத்தர் வந்தாரு. வந்தவரைச் சும்மா அனுப்ப முடியுமா?"