பூசைக்கு வைத்த கணினி

கணினி உறைந்து நின்றது பதினொன்று பதினேழுக்கு. சசிதர் அதை ஐந்து நிமிடம் திட்டினான், மேசையைக் குத்தினான், கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டினான். கடைசியில் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்துவிட்டு நிமிர்ந்தால், சுவர்க் கடிகாரத்திலும் பதினொன்று பதினேழுதான். செல் தீர்ந்துவிட்டது என்று கடிகாரத்துக்கும் ஒரு வசை விழுந்தது. ஆனால் நொடி முள் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஆயுத பூசை. பீளமேட்டில் அவன் இருந்த தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு லேத் பட்டறை. மற்ற நாட்களில் இரும்பைச் சீவுகிற சத்தம் காதை அறுக்கும். இன்று காலையிலேயே இயந்திரங்களைக் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, எல்லாரும் ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பூசைக்கு வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடமாட்டார்கள். சசிதரின் கணினிக்கும் மனைவி ஹர்ஷிணி பொட்டு வைத்துச் செவ்வந்தி சாத்தியிருந்தாள். சாம்பிராணிப் புகை அடங்குவதற்குள் அவன் அதைத் தட்டி எழுப்பிவிட்டான். பெருந்துறைக் கம்பெனிக்காரருக்குப் பம்பு உறையின் வரைபடம் சாயங்காலத்துக்குள் வேண்டுமாம். அந்த மனிதருக்கு மட்டும் நல்ல நாள் பொல்லாத நாள் கிடையாது.

"ஏனுங்க, ஒரு நாளைக்கு அது சும்மா இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள் ஹர்ஷிணி, சமையலறையிலிருந்து.

"சும்மாதானே இருக்குது! நின்னுபோட்டு என் மொகத்தையே பாத்துட்டுச் சும்மாதான் இருக்குது!"

அவனே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கணினி அது. விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ்தான் நிற்காமல் ஓடும் என்று ஊருக்கே உபதேசம் செய்தவன் அவன். அதனால் ஆத்திரம் இரட்டிப்பாக வந்தது. அணைத்த கையோடு தானாகவே எழுந்திருந்ததை மறுபடி அணைத்துப் பெட்டியைத் திறந்தான். தூசியை ஊதினான். ரேமைப் பிடுங்கி, அதன் மஞ்சள் பற்களை மகளின் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினான். கணினியை எழுப்பி, நடந்ததை எல்லாம் நேரம் போட்டு அது எழுதி வைத்திருந்த லாகைப் பார்த்தான். நிற்பதற்கு முன் கடைசி வரி 11:17:42. அது தானாக எழுந்தபோது முதல் வரி 11:18:03. நடுவில் இருபத்தொரு நொடி. அவன் திட்டித் தீர்த்த ஐந்து நிமிடம் எதிலும் இல்லை.

"லாகும் பொய் சொல்லுது" என்று பல்லைக் கடித்தான்.

வரைபடத்தைத் திறந்தான். முடித்த கோடுகள் எல்லாம் அப்படியே இருந்தன. நின்றபோது பாதி இழுத்திருந்த ஒரு கோடு மட்டும் அடியோடு இல்லை.

பன்னிரண்டு ஐந்துக்கு மறுபடி நின்றது. மவுசின் அம்பு நடுத்திரையில் ஒட்டிக்கொண்டது. தலைக்கு மேல் மின்விசிறியும் நின்று, மேசைக்கடியில் இருந்த யூ.பி.எஸ். 'பீப்' என்றது. கரண்ட்டும் போய்விட்டதா! இன்றைக்கென்று எல்லாம் சேர்ந்து அவனைக் கழுத்தறுக்கின்றன. வியர்வை கழுத்தில் இறங்கியது. சாம்பிராணியும் செவ்வந்தியும் கலந்த வாசனை கனமாக அறைக்குள் தங்கி நின்றது. ஒரு காகம்கூடக் கரையவில்லை, பட்டறைகள் மூடிய தெருவில் வேறென்ன சத்தம் இருக்கும் என்று அவனும் அதைப் பொருட்படுத்தவில்லை. பட்டனை அமுக்கும்போது ஓரக்கண்ணில் சன்னல் தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து செவலைப் பூனை தாவிக்கொண்டிருந்தது. தாவிக்கொண்டே இருந்தது. அதன் நான்கு கால்களும் எதன் மேலும் இல்லை.

திரை இருண்டது. மின்விசிறி சுற்றியது. பூனை இருந்த இடத்தில் வெறும் வெயில்.

"கரண்ட் போயிட்டு வந்துச்சு, பாத்தியா?" என்று உள்ளே பார்த்துக் கத்தினான்.

"எங்கீங்க போச்சு? மிக்ஸி ஓடிட்டேதானே இருக்குது."

சசிதர் எழுந்து சன்னலுக்குப் போனான். பக்கத்து வீட்டுக் கருப்பாத்தாள் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அக்கா, உங்க பூனை எங்கீங்க?"

"பூனைங்களா? எங்க ஊட்ல பூனையே வளத்துனதில்லீங்களே தம்பி" என்று சிரித்துவிட்டு அடுத்த துணியை உதறினார்.

நாலு வருடமாக அவன் செருப்பை வீசி விரட்டிய பூனை. அவன் கூடத்துக்கு வந்தான். மாடிப்படியில் மகள் பிரீத்திகா பொரித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது.

"செவலை எங்க கண்ணு?"

"செவலைன்னா யாருப்பா?"

அந்தப் பெயரை வைத்ததே அவள்தான். சசிதர் அவள் முழங்கையைப் பிடித்துத் திருப்பினான். போன வாரம் அந்தப் பூனை பிறாண்டிய தழும்பு நீளமாக இருந்த இடம் அது. தோல் வழவழப்பாக இருந்தது.

பயம் வந்தால் அவனுக்குக் கோபமாகத்தான் வரும். இப்போதும் அப்படித்தான் வந்தது. சட்டென்று திரும்பி அறைக்குப் போனான். தானாக எழுந்திருந்த கணினி, நெற்றியில் குங்குமத்தோடு, அவனுக்காகக் காத்திருப்பதுபோல ஒளிர்ந்தது. இதை அமுக்கிக் கொல்லக் கூடாது. முறையாக அணைக்க வேண்டும். பிறகு கடப்பாரையால் அடித்து நொறுக்கலாம், தெருவில் பூசணிக்காயோடு வீசலாம். அம்பை மெல்ல நகர்த்தி, அணைக்கும் இடத்துக்குக் கொண்டுபோனான்.

"அப்பா! புடிங்க!"

நான்காவது படியிலிருந்து அவன் கைக்குள் குதிப்பது அவளுடைய தினசரி விளையாட்டு. அவன் விளையாட்டுக்காகத்தான் அறைக்குள் போனான், கூப்பிட்டதும் படிக்குக் கீழே வந்து நிற்பான் என்று நினைத்துவிட்டாள்.

"குதிச்சா தோலை உரிச்சுப் போடுவேன்! நில்லுன்னா நில்லு!" என்று அடித்தொண்டையில் கத்திக்கொண்டே மவுசின் பட்டனை அழுத்தினான்.

அம்பு நகரவில்லை.

மின்விசிறி நின்றது.

பீப்.

அவன் கூடத்துக்கு ஓடினான். சமையலறை வாசலில் ஹர்ஷிணி திரும்பிய முகத்தோடு நின்றாள். அவள் கைக் கரண்டியிலிருந்து ஒரு சொட்டு ரசம், தரைக்கு வராமல். கடிகார முள் நின்றிருந்தது.

படிக்கு முன்னால், அவன் நெஞ்சுயரத்தில், பிரீத்திகா.

கைகள் விரிந்து. பாவாடை குடைபோல விரிந்து. சுற்றிலும் பொரி. ஒவ்வொரு பொரியும் தனித்தனியாக, காற்றில்.

அவளை இடுப்பில் கட்டிப்பிடித்து இழுத்தான். சூடாக இருந்தாள். அசையவில்லை. சுவரில் அடித்த ஆணியை இழுப்பதுபோல் இருந்தது. ஒரு பொரியைக்கூட அவனால் நகர்த்த முடியவில்லை.

பீப்.

உலகமே நின்றால் கரண்ட்டும் நிற்கும். யூ.பி.எஸ்.ஸின் பேட்டரியில்தான் கணினி உயிரோடிருக்கிறது. பழைய பேட்டரி. பத்து நிமிடம் தாங்கினால் அதிகம். அதற்குள் அதுவாக அசைய வேண்டும். இல்லாவிட்டால் தானாக அணையும்.

அணைந்தால், அந்தக் கோட்டையும் பூனையையும் போல, பாதியில் நின்றது எதுவும் இருக்காது.

அறைக்கு ஓடினான். விசைகளைத் தட்டினான். ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் சேர்த்து. காலையிலிருந்து திட்டிய வாய் கெஞ்சியது. "சாமி, ஓடுங்க. தப்புத்தானுங்க. தொட்டிருக்கக் கூடாதுங்க. ஒரே ஒரு தடவை ஓடுங்க சாமி." கை முட்டியாக மடங்கி மேலே போனது. அடிக்க முடியாது. அதை மட்டும் இனி அடிக்கவே முடியாது. முட்டியைத் தன் வாயில் வைத்துக் கடித்தான்.

பீப். பீப்.

திரும்பக் கூடத்துக்கு. எங்கே நிற்பது என்று தெரியவில்லை. அவள் பார்வை போன இடத்தில் போய் நின்றான். கைகளை நீட்டினான்.

"வா கண்ணு. அப்பா புடிச்சுக்கறேன். வா அம்மணி."

அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு பாதி இருந்தது. மீதிப் பாதி அவன் கத்தியதைக் கேட்டு மாறத் தொடங்கியிருந்தது. உதடு கோணலாக. அழப்போகிற வாய்.

பீப் பீப் பீப்.

அறைக்குள் பீப்புக்கும் பீப்புக்கும் இடைவெளி குறைந்தது. குறைந்து, குறைந்து, ஒரே நீளமான கூவலானது. சசிதர் நீட்டிய கைகளை மடக்காமல் நின்றான். அந்தக் கைகளுக்கு ஒரு சாண் முன்னால், அப்பாவைப் பார்த்துப் பயந்த முகத்தோடு, குழந்தை காற்றில் இருந்தது.