விடைபெறும் சொல்

காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் அந்தி மயங்கிக்கொண்டிருந்தது. கீழ்வானில் எழுந்த முழுமதி அலைகளின்மேல் வெள்ளியை உருக்கி ஊற்ற, பாய் விரிக்கக் காத்திருந்த மரக்கலத்தின் நிழல் கரைவரை நீண்டு கிடந்தது. அந்நிழலின் ஓரத்தில் நிற்கும் இருவரையும், வாசகர்களே, அருகில் சென்று காண்போம்.

ஆடவன் சோழர் கடற்படையின் ஒற்றன் விடங்கன். வெண்சங்குத் தீவில் சிறைப்பட்டிருக்கும் மாலுமிகளை மீட்க, அத்தீவினன் போல் வேடம் பூண்டு செல்கிறான். பெண் நெமாலி, போரில் பிடிபட்டு வந்த அத்தீவுக்காரி, அவனுக்குத் தன் மொழியைக் கற்பித்தவள்.

அம்மொழியின் இலக்கணத்தை எழுத வந்த அரண்மனைப் புலவர் முதலில் வேற்றுமை உருபுகளைக் கேட்டபோது, அப்படியொன்று தன் ஊரில் விளைவதில்லை என்று சொல்லிவிட்டாள். விடங்கனின் உணவைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, தன் மொழியில் கேட்டால்தான் கொடுத்தாள். மீன் என்ற ஒரு சொல் மட்டுமே நாவில் நின்ற நாட்களில் விடங்கன் சோறின்றி வெறும் மீனையே தின்றான். பிறகு கேட்டான், மறுத்தான், சண்டையிட்டான். அவள் மொழியிலேயே கனவும் கண்டான். சரிபார்க்க அம்மொழி பேசும் வேறொரு நா அங்கே இல்லை. அவள் இதழசைவே இலக்கணம்.

"சுவா நெலே" என்று இப்போது விடைபெற்றான்.

நெமாலி தலையசைத்து மறுத்தாள். அலைகள் வந்து வந்து மீண்டன.

"அங்கே இதைச் சொல்லாதீர். பிணத்தை எடுக்கும்போது அதன் சார்பில் உறவினர் சொல்லும் சொல் இது. போகிறேன், இனி வரமாட்டேன் என்று பொருள். உயிரோடிருப்பவர் சொன்னால் குழந்தைகூட அந்நியனென்று கண்டுகொள்ளும்."

"தவறிப்போய்க் கற்பித்தாயா?"

"தெரிந்தே கற்பித்தேன். அப்போது நீர் என் பகைவர்."

"இப்போது?"

"இப்போது வேறு சொல் தருகிறேன், கேளும். சுவா ரிமே. போய் வருகிறேன்." அவள் குரல் தாழ்ந்தது. "நான் தந்த நாவால் என் ஊர்மேல் படையை ஏவ மாட்டேனென்று சொல்லிவிட்டுப் போம்."

விடங்கன் வாளுறையைத் தொட்டான். மாலுமிகளை மட்டுமே மீட்டு வருவதாகவும், தீவின் துறைமுக வழியைத் தன் சேனாதிபதிக்கும் உரைப்பதில்லை என்றும் ஆணையிட்டான். அப்படி மறைப்பதற்குரிய தண்டனையை அவன் அறிவான். ஆணை முழுவதையும் அவள் மொழியிலேயே சொன்னான்.

அவன் ஏறிய மரக்கலம் நகர்ந்தது. நீரின்மேல் அவன் குரல் வந்தது.

"சுவா ரிமே."

இம்முறை அவள் திருத்த ஒன்றுமில்லை.