நீலம் போன வழி

"அக்கா, உங்க வீட்டு சோப்பு ஏன் உங்க கூடவே வந்து, உங்க கூடவே போயிடுது?"

கவிநிலா என்னிடம் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. எனக்குப் பதினொன்று. கழிப்பறை வாசலில் சோப்பு டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்றேன். பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். எனக்குப் பேச்சு சுலபத்தில் வராது. வகுப்பில் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்வதற்கே இரண்டு முறை எச்சில் விழுங்குவேன்.

எங்கள் வீடு தட்டாஞ்சாவடியில், கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு குடும்பங்கள். கோடியில் ஆறு வீட்டுக்கும் சேர்த்து இரண்டு கழிப்பறைகள். எதிரே துணி துவைக்கும் கல். அதன் பக்கத்தில் தண்ணீர் பிடித்து வைக்கும் பெரிய கறுப்பு டிரம்.

அங்கே யாரும் சோப்பை வைத்துவிட்டு வர மாட்டார்கள். வைத்தால் அடுத்த வீட்டுக்காரர் தேய்த்துக் கரைத்துவிடுவார். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டப்பா. போகும்போது தூக்கிக்கொண்டு போக வேண்டும். வரும்போது தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

மக் கதை இன்னும் வேடிக்கை. மூன்று மக் காணாமல் போன பிறகு, வீட்டு ஓனர் சக்கரபாணி நான்காவது மக்கின் பிடியில் நைலான் கயிறு போட்டு, அதை டிரம்மோடு கட்டிவிட்டார். மாட்டைக் கட்டுவது போலத்தான். கழிப்பறை வாளியை நிரப்ப அந்த மக்தான். வெளியே வந்து கை கழுவ அந்த மக்தான். பாத்திரம் கழுவவும் அரிசி களையவும்கூட அதே மக்தான்.

"இனிமே எங்க ஓடும், பார்த்துடறேன்" என்று ஓனர் மீசையைத் தடவிக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம்.

கவிநிலாவின் குடும்பம் வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து ஆறாவது வீட்டில் குடியேறியது. அவள் அப்பா வடிவேல் மாமாவுக்கு ஒரு பட்டறையில் வேலை. அம்மா அமுதவல்லி அக்கா அதிகம் பேச மாட்டார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அவர்கள் வந்த பத்தாம் நாள் கவிநிலாவுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அடுத்த வாரம் என் அம்மாவுக்கு. அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுச் செல்வாம்பாள் அத்தையின் மகன் ராஜ்கமலுக்கு.

ராஜ்கமலுக்கு ஒன்றரை வயது. ஒரே நாளில் அவன் கண்கள் உள்ளே போய்விட்டன. அழுதால் கண்ணீர் வரவில்லை. பிறகு அழவும் தெம்பில்லை. செல்வாம்பாள் அத்தை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஆட்டோவில் ஏறியதை நான் பார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அந்த மூன்று நாளும் எங்கள் லைனில் ஒரு வீட்டிலும் டிவி ஓடவில்லை.

ராஜ்கமல் பிழைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்த அன்றே அத்தை டிரம் அருகே நின்று கத்தினார்.

"டாக்டர் சொல்லிட்டாரு, இது கை வழியா பரவுற நோயின்னு. ஆறாவது வூட்டுப் பொண்ணுக்குத்தானே மொதல்ல வந்திச்சி? அதுங்க வர்றதுக்கு முன்னாடி இங்க யாருக்காவது இப்படி வந்திச்சா?"

"பாப்பாவுக்குச் சரியாகி ரெண்டு வாரமாச்சுக்கா" என்றார் அமுதவல்லி அக்கா மெதுவாக.

"உனக்குச் சரியாயிடுச்சி. என் புள்ள பொணமா வந்திருந்தா?"

அமுதவல்லி அக்கா கவிநிலாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். மாலை ஓனர் வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறாவது வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அதுவரை கவிநிலா டிரம்மைத் தொடக் கூடாது என்றும் சொன்னார்.

"பாவம்மா அவங்க" என்றேன் அம்மாவிடம்.

"பாவந்தான். நமக்கு எதுக்கு வம்பு? நீ உள்ள வா" என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாரா வாரம் போல என் வெள்ளைச் சட்டையைத் துவைத்து நீலம் போட உட்கார்ந்தேன். சொட்டு நீலம் பாட்டிலின் மூடி உடைந்திருந்தது. சாய்த்ததும் பாதி நீலம் என் இடது உள்ளங்கையில் கொட்டியது. கல்லில் தேய்த்தேன். போகவில்லை. அப்போது பார்த்து அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது.

சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு அம்மா குளிக்கப் போயிருந்தார். சரி, வெறும் தண்ணீரில் கழுவிக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். வெளியே வந்து, மக்கை எடுத்து, ஒரு மக் தண்ணீரைக் கையில் ஊற்றிக்கொண்டேன். பாவாடையில் துடைத்துக்கொண்டு சட்டையைக் காயப்போடப் போனேன்.

திரும்பி வந்தபோதுதான் அதைப் பார்த்தேன்.

கழிப்பறைத் தாழ்ப்பாளில் நீலக் கறை. வாளியின் பிடியில் நீலக் கறை. மக்கின் பிடியில் நான்கு விரலும் பதிந்திருந்தன. கயிற்றில்கூட நீலம்.

என் கை எங்கெல்லாம் போனது என்று யாரோ படம் வரைந்து காட்டியது போல இருந்தது.

அங்கே செல்வாம்பாள் அத்தை அந்த மக்கால் தண்ணீர் மொண்டு, ராஜ்கமலின் பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, மூடியைத் திருகிக்கொண்டே வீட்டுக்குள் போனார். பாட்டிலின் வெள்ளை மூடியில் இளநீலமாய் ஒரு விரல் தடம்.

நீலம் கண்ணுக்குத் தெரிகிறது. நீலத்தோடு சேர்ந்து போனது தெரியவில்லையே. இன்று இப்படி என்றால், சோப்பு இல்லாமல் நான் வந்த மற்ற நாட்கள்? பள்ளி வேன் ஹாரன் அடிக்கும் நாட்களில் நான் எத்தனை முறை அப்படி ஓடி வந்திருக்கிறேன்?

ஓடிப்போய் அத்தையிடம் சொல்ல வேண்டும். கால் நகர்ந்தது. வாய் திறக்கவில்லை. அத்தை வீட்டு வாசல் வரை போய், அங்கேயே நின்றுவிட்டேன். உள்ளே அத்தை பால் ஆற்றும் சத்தம் கேட்டது.

அந்த நேரம் குட்டியானை வண்டி சந்துக்குள் வந்தது. வடிவேல் மாமா ஒவ்வொன்றாகச் சாமான்களை ஏற்றத் தொடங்கினார். கவிநிலா என்னிடம் வந்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள்.

"போயிட்டு வரேன்க்கா."

"கையை ஏன் அப்படி வச்சிருக்க?"

"நான் எதையாவது தொட்டா எல்லாருக்கும் சீக்கு வரும்ல? அதான்."

இதை அவள் அழாமல் சொன்னாள். பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அத்தை, பாலைக் குடுக்காதீங்க!"

அந்தச் சத்தம் என்னுடையது என்று எனக்கே நம்ப முடியவில்லை. செல்வாம்பாள் அத்தை ராஜ்கமலை இடுப்பில் வைத்தபடி வெளியே வந்தார். பாட்டில் அவன் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. ஓனர் வந்தார். தலையில் துண்டோடு அம்மாவும் வந்தார்.

"இன்னாடி?" என்றார் அத்தை.

நான் என் இடது கையை விரித்துக் காட்டினேன். உள்ளங்கை முழுக்க நீலம்.

"நான்... கக்கூஸ் போயிட்டு வந்தேன். சோப்பு போடல. இந்தக் கையோட தாழ்ப்பாளைத் தொட்டேன். அப்புறம் மக்கை. நீங்க அந்த மக்கைப் புடிச்சீங்க. உங்க பாட்டிலைப் பாருங்க அத்தை."

அத்தை பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார். சட்டென்று பாட்டிலைத் தூர வைத்தார்.

"எந்தக் கைடி அது? பீச்சாங்கையா?"

"ஆமா."

"அடிப்பாவி! என் புள்ள ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து முழுசா ஒரு வாரம் ஆகலடி!"

அவர் கையை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் வாய் நிற்கவில்லை.

"கவிநிலா டிரம்மைத் தொட்டு நாலு நாளாச்சு அத்தை. இன்னைக்கு உங்க பாட்டிலுக்கு வந்தது என் கை. அன்னைக்கு யாரு கைன்னு நமக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு யாரும் நீலம் தடவிக்கலையே."

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தேன். அத்தையின் கை பாதியில் நின்றிருந்தது.

அப்புறம் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்கு வயித்தால போனப்ப, கம்பெனிக்கு நேரமாயிடுச்சின்னு நானும் சோப்பு எடுத்துக்காம போயிருக்கேன்க்கா. ஒரு நாள் இல்ல, ரெண்டு மூணு நாள்."

"இதெல்லாம் வீட்டுக்குள்ள பேசுற பேச்சும்மா" என்று ஓனர் சங்கடமாக மீசையைத் தடவினார்.

கவிநிலா அவரையே பார்த்தாள். "மாமா, உங்க மீசை நீலமா இருக்குது."

வந்ததும் அவர் அந்த மக்கால்தான் தண்ணீர் மொண்டு கால் கழுவியிருந்தார். அவசரமாகத் துடைத்தார். நீலம் கன்னத்துக்கும் பரவியது. வடிவேல் மாமா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வண்டிக்காரர் மட்டும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

நான் வீட்டுக்குள் ஓடி, வெங்காயம் வாங்கி வந்த வலைப் பையை எடுத்தேன். எங்கள் சோப்பை டப்பாவிலிருந்து எடுத்து அதற்குள் போட்டு முடிச்சுப் போட்டேன். டிரம்முக்கு மேலே சுவரில் இருந்த ஆணியில் மாட்டினேன்.

"இது இனிமே இங்கயே இருக்கட்டும்மா."

"அது எங்க சோப்புதான். யார் வேணா போட்டுக்குங்க" என்றார் அம்மா.

"கரைஞ்சி போயிடுமே" என்றார் ஓனர்.

"கரையட்டும் ஓனரே. கரையறதுக்குத்தானே சோப்பு" என்றார் அம்மா.

அமுதவல்லி அக்கா அரிவாள்மனையைக் கொண்டுவந்து மக்கின் கயிற்றை அறுத்தார். தன் வீட்டு மக் ஒன்றை வண்டியிலிருந்து எடுத்துக் கழிப்பறை வாளிக்குள் போட்டார். "இது உள்ளுக்கு. டிரம்முக்குத் தனியா ஒண்ணு வேணும். சோப்பு போடாம அதை யாரும் தொடக் கூடாது" என்றார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. வடிவேல் மாமா டிரம்மைச் சாய்த்து, இருந்த தண்ணீரையெல்லாம் கொட்டினார். பிளீச்சிங் பவுடர் வாங்கி வருவதாக ஓனர் நழுவினார். முகம் கழுவவும்தான் என்று நினைக்கிறேன்.

நான் கவிநிலாவின் கைகளைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தேன். வலையோடு சோப்பைத் தேய்த்தால் நுரை நிறைய வரும். அவள் உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, நகக்கண் என்று ஒவ்வொரு இடமாகத் தேய்த்துவிட்டேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை மேலிருந்து ஊற்றினேன். பிறகு என் கையைத் தேய்த்தேன். நீலம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் இரண்டு முறை தேய்த்தேன்.

செல்வாம்பாள் அத்தை மட்டும் அதுவரை வாசலிலிருந்து அசையவில்லை. பாட்டிலில் இருந்த பாலைச் சாக்கடையில் ஊற்றினார். ராஜ்கமலை என் அம்மாவிடம் கொடுத்தார். சோப்பு மாட்டியிருந்த இடத்துக்கு வந்து வெகு நேரம் கை கழுவினார். மணிக்கட்டு வரை கழுவினார். கண்ணைத் துடைத்தாரா, முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைத்தாரா என்று தெரியவில்லை.

பிறகு நேராகக் குட்டியானைக்குப் போனார். ஏற்றியிருந்த சாமான்களின் மேலே கிடந்த கயிற்றை ஒதுக்கித் தள்ளினார். அமுதவல்லி அக்கா "அக்கா..." என்று ஏதோ சொல்ல வந்தார். அத்தை கேட்டது போலக் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் கேஸ் அடுப்பைத் தூக்கினார். ஆறாவது வீட்டுக்குள் கொண்டுபோய், அது முன்பு இருந்த மேடையின் மேலேயே வைத்தார். ஒரு கால் கொஞ்சம் ஆடியது. அட்டைத் துண்டை மடித்து அதன் அடியில் சொருகி, ஆடுகிறதா என்று தொட்டுப் பார்த்தார்.

ஆடவில்லை.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எங்கள் எல்லோரையும் தாண்டித் தன் வீட்டுக்குப் போனார்.